பாசிமணி கோக்கும் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரிக்குறவர் குடியிருப்புக்குப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், மாலை வகுப்பு எடுக்க ஆசைப்படும் கல்லூரி மாணவர்கள், சில சமயம் அந்தச் சமூகத்துப் பெற்றோர்கள் எனப் பலரும் கேட்ட கேள்விகள் இவை. அரசுத் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சட்டம் வரும் இடத்தில் பிரிவு எண்ணையும் போட்டிருக்கிறேன். அலுவலகத்தில் போய்ப் பேசும்போது அது கையில் இருந்தால் நல்லது.

குறவரும் நரிக்குறவரும் ஒன்றுதானே?

இல்லை. கூடை முடையும் குறவர் சமூகங்கள் வேறு, இவர்கள் வேறு. இவர்களுடைய முன்னோர் பல தலைமுறைகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து தெற்கே வந்தவர்கள். தங்களை வாக்ரி என்று சொல்லிக்கொள்வார்கள். நரிக்குறவர் என்பது ஊரார் வைத்த பெயர். அரசுப் பட்டியலில் 'நரிக்கொரவன்', 'குருவிக்காரன்' என்று இருக்கிறது. சான்றிதழ் எழுதும்போது இந்த எழுத்துகள் முக்கியம், பிறகு சொல்கிறேன். திருச்சிப் பக்கம் தேவராயநேரி, ஆவடியில் பருத்திப்பட்டு, மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி என்று தமிழ்நாட்டில் பல இடங்களில் இவர்களுக்குக் குடியிருப்புகள் உண்டு.

வேட்டைக்காரர்கள் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம். கைவினைஞர்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வேட்டை இருந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பிழைப்பு சட்டவிரோதமாகிவிட்டது. கையில் மிஞ்சியது பாசிமணி. இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் சோறு போடுவது அதுதான்: கண்ணாடி மணி, பவளம், ஸ்படிகம், ருத்ராட்சம், அண்மைக்காலமாகக் கருங்காலி. மணியை மொத்த வியாபாரியிடம் வாங்கி வந்து வீட்டில் கோக்கிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரியும். ருத்ராட்சத்தின் துளையில் செம்புக் கம்பியை விட்டு, மெல்லிய குறடால் ஒரு பக்கம் வளையம் வளைத்து, மிச்சக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி வெட்டி, அடுத்த மணியின் வளையத்தில் மாட்ட வேண்டும். கம்பி முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கழுத்தில் குத்தும், வாங்குபவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமல் இதைச் செய்வாள். அதே கை நோட்டில் எழுதும்போது 'கையெழுத்து மோசம்' என்று நாம் சிவப்பு மையில் எழுதுகிறோம்.

பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை, விழிப்புணர்வு இல்லை. அதுதானே அடிப்படைப் பிரச்சினை?

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது. வேறு காரணம் எதையும் தேடாமல் இருக்க வசதியான பதில் அது. வியாபாரத்துக்கு ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு பாட்டி பள்ளிக்கு வந்து, "திரும்பி வர ரெண்டு மாசம் ஆகும் சாமி, பேரை மட்டும் எடுத்துடாதீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். பேரன் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து போய்விடக் கூடாது என்று கவலைப்படுகிறவருக்கு விழிப்புணர்வு முகாம் எதற்கு?

பள்ளிக்கூடம் ஒரே ஊரில் வருடம் முழுக்க இருக்கிற, வீட்டில் தமிழ் பேசுகிற, காலையில் வீட்டில் உலை வைக்கிற குடும்பத்தை மனதில் வைத்து அமைந்தது. இந்த மூன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளை எங்கெங்கே இடறுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே இடங்களாகத்தான் இருக்கும். அவற்றில் பலவற்றைப் பள்ளி அளவிலேயே சரிசெய்யலாம்.

காலைச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வியாபாரம் முடிந்து, வந்த காசில் அரிசி வாங்கி, இரவில்தான் பல வீடுகளில் அடுப்பு எரியும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. கிச்சடியோ உப்புமாவோ கிடைக்கும் என்று தெரிந்த பிறகு, எங்கள் பள்ளியில் காலனிப் பிள்ளைகள் மணி அடிப்பதற்கு முன்பே வந்து நிற்கிறார்கள். அதற்கு முன் முதல் பாடவேளையில் அவர்களைப் பார்ப்பது அபூர்வம்.

எந்தெந்த மாதங்களில் ஊரில் இருக்க மாட்டார்கள்?

இடத்துக்கு இடம், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஆனால் திருவிழாக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அது முடிந்ததும் நமக்குக் காலாண்டுத் தேர்வு. நவம்பர் நடுவில் ஐயப்ப சீசன் தொடங்கிவிடும், மாலை வியாபாரத்துக்கு அதைவிடப் பெரிய காலம் கிடையாது, மகரஜோதி வரைக்கும் ஓடும். இடையில் திருவண்ணாமலைக் கார்த்திகை தீபம். நாம் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வைத்திருப்போம். பொங்கல் முடிந்த கையோடு பழநித் தைப்பூசம், அப்புறம் பங்குனி உத்திரம். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குக் கூட்டம் போகும்போது இங்கே முழு ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும், அல்லது அப்போதுதான் முடிந்திருக்கும்.

ஆக, நாம் தேர்வு வைக்கும் மாதங்கள்தான் அவர்கள் சம்பாதிக்கும் மாதங்கள். ஐயப்ப சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மழைக்காலக் கடனை அடைப்பார்கள். 'இந்த ஒரு வருடம் போகாதீர்கள்' என்று அவர்களிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இது போக, சாமி கும்பிடும் காலம் ஒன்று உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாமி மூட்டை இருக்கும். அதைப் பிரித்துப் படையல் போடும் நாளில் உறவு முழுக்க ஓரிடத்தில் கூடும். அன்றைக்கு வராத பிள்ளைக்கு ஆப்சென்ட் போடுவதில் தப்பில்லை. ஆனால் காரணம் தெரிந்து போடுங்கள்.

நடு வருடத்தில் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ளலாமா? வேறு ஊரில் தங்கினால் அங்கே சேர முடியுமா?

இரண்டுமே முடியும். முடியாது என்று சொல்லத்தான் சட்டத்தில் இடமில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தில் இவ்வளவு இருக்கிறது: பிரிவு 4-ன்படி, படிக்காமல் விட்ட பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பிரிவு 5-ன்படி, எந்தக் காரணத்துக்காகவும் வேறு பள்ளிக்கு மாறலாம். தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும், அது வரத் தாமதமானதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. பிரிவு 15, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று பிரிவு 9-ல் தனியாகவே எழுதியிருக்கிறார்கள்.

நடைமுறையில் எமிஸ் எண் உதவும். பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண் அது. பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் அந்த எண் மாறாது. கிளம்பும் குடும்பத்திடம் அதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அலைபேசியில் படம் எடுத்து வைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. அட்டை மழையில் நனைந்துவிடும்.

வந்த பிறகு வகுப்பறையில் என்ன செய்வது என்பதற்கு, 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' முறை கைகொடுக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பயிற்சி தரும் ஏற்பாடு அது. இரண்டு மாதம் விட்ட பிள்ளையை 'மூன்றாம் பாடம் தெரியாதா?' என்று நிறுத்தி வைக்காமல், விட்ட நிலையிலிருந்து தொடரலாம். அந்தத் திட்டத்தின் தாள் வேலையைப் பற்றி எனக்கும் புகார்கள் உண்டு. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு அது பொருந்துகிறது.

பிறப்புச் சான்றிதழ் இல்லை. என்ன செய்வது?

முதலில் சேருங்கள். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது அதே கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 14. அங்கன்வாடிப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, அல்லது பெற்றோரின் எழுத்துப்பூர்வ உறுதிமொழி போதும். சான்றிதழைப் பிறகு வாங்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் பதியாத பிறப்பு என்றால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். பயணத்தில் பிறந்த பிள்ளை என்றால் எந்த ஊர் அலுவலகம் என்ற குழப்பம் வேறு. பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போடாமல் ஐந்தாவது முடிவதற்குள் முடித்துவிடுங்கள்.

முதல் வகுப்பில் பிள்ளை வாயே திறப்பதில்லை. மந்தமா?

மந்தமெல்லாம் இல்லை. அதற்கு நீங்கள் பேசும் மொழி புதிது. வீட்டில் இவர்கள் பேசுவது வாக்ரிபோலி; அது குஜராத்தி, மராத்தி, இந்தி போன்றவற்றோடு சேர்ந்த இந்தோ-ஆரிய மொழி. தனி எழுத்து கிடையாது. பெரியவர்கள் தமிழில் சரளமாக வியாபாரம் பேசுவதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கும் தமிழ் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். காலனியைத் தாண்டாத ஐந்து வயதுப் பிள்ளைக்கு 'என்ன விலை', 'இந்தா', 'போ' தாண்டி அதிகம் தெரிந்திருக்காது. 'அம்மா, ஆடு, இலை' என்று படத்தைக் காட்டும்போது, மற்றப் பிள்ளைகள் எழுத்தை மட்டும் கற்கிறார்கள். இது சொல்லையும் சேர்த்துக் கற்கிறது.

தொடக்க நிலையில் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய அரசு முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்கிறது. அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை காலனியிலேயே பத்தாவது படித்த ஒரு பெண்ணை, முதல் இரண்டு மாதம் வகுப்பில் உட்கார வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினால் வழி பிறக்கும். நீங்களும் ஐம்பது சொல் கற்றுக்கொள்ளுங்கள். உச்சரிப்பு தப்பாக வரும்போது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அன்றிலிருந்து பேச்சு வந்துவிடும்.

கணக்கில் கதை வேறு. நூற்றெட்டில் பாதி எவ்வளவு என்று கேட்டால் ஐம்பத்து நான்கு என்பார்கள், அதில் பாதி கேட்டால் இருபத்தேழு என்பார்கள், யோசிக்கவே மாட்டார்கள். நூற்றெட்டு மணி கோத்த மாலையின் கணக்கு அது. தொண்ணூற்றாறில் பாதி கேட்டால் விரலை எடுப்பார்கள். வகுத்தலை அங்கிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். எப்படித் தடுப்பது?

மற்றப் பிள்ளைகளிடம் போவதற்கு முன் நம்மைப் பார்த்துக்கொள்ளலாம். கடைசி வரிசையில் உட்கார வைத்தது யார்? எல்லோர் முன்னாலும் 'குளிச்சிட்டு வா' என்று சொன்னது யார்? காலனியில் தெருக்குழாய் எத்தனை, எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாமல் சொல்லும் வார்த்தை அது. ஏதாவது பொருள் காணாமல் போனால் முதலில் யாருடைய பையைத் திறக்கிறோம்? நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று தொலைந்தது. காலனிப் பிள்ளைகள் நால்வரின் பையை மட்டும் கொட்டிப் பார்த்தார்கள். பாக்ஸ் சத்துணவுக் கூடத் திண்ணையில் கிடந்தது. நால்வரில் இருவர் அதற்குப் பிறகு வரவில்லை. பதிவேட்டில் 'இடைநிற்றல்' என்று எழுதினார்கள்.

இதற்கும் சட்டம் உண்டு. உடல் தண்டனை மட்டுமல்ல, மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17.

இன்னொன்று, 'சாமி'. இவர்கள் யாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளையும் ஆசிரியரைச் சாமி என்று கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும், சினிமா நகைச்சுவைகள் செய்த வேலை. நான் சிரிக்காமல் 'என்ன சாமி?' என்று திருப்பிக் கேட்பேன். ஒரு வாரத்தில் மற்றப் பிள்ளைகளும் என்னைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கேலி அதோடு ஓய்ந்தது. சார் என்று சொல்ல வைக்க வேறு ஒரு மாதம் ஆனது, அது என் பாடு.

பிள்ளைகள் மாலை கோப்பது குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி தப்பில்லையா?

2016 திருத்தத்துக்குப் பிறகு, பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம். பாட்டியோடு மாலை நேரத்தில் மணி கோப்பது அதற்குள் வரும். பள்ளி நேரத்தில் பேருந்து நிலையத்தில் விற்க அனுப்புவது வராது. இரண்டையும் ஒன்றாகப் பேசி, அம்மாக்களைப் பயமுறுத்த வேண்டாம்.

எஸ்.டி. பட்டியலில் சேர்த்துவிட்டார்களே, இனிப் பிரச்சினை தீர்ந்ததுதானே?

பட்டியல்களைத் திருத்த மத்திய அரசு அமைத்த லோகூர் குழு 1965-லேயே பரிந்துரைத்த விஷயம். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மசோதா நிறைவேறி, 2023 ஜனவரியில் சட்டமானது. அதுவரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள்.

லாபம் என்ன என்று கேட்டால்: பழங்குடியினருக்கான கல்வி உதவித்தொகை, உண்டு உறைவிடப் பள்ளிகள், மத்திய அரசு நிறுவனங்களில் 7.5 சதவீத ஒதுக்கீடு. இதெல்லாம் பெரிய விஷயம். கூடவே யாரும் சத்தமாகச் சொல்லாத ஒன்றும் உண்டு. மாநில ஒதுக்கீட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் சேர்த்து 20 சதவீதம். பழங்குடியினருக்கு 1 சதவீதம். அந்த ஒன்றை ஏற்கெனவே 36 வகைப் பழங்குடிகள் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்காகப் பட்டியல் மாற்றம் வீண் என்று சொல்லவில்லை. 20 சதவீதம் இருந்த காலத்திலும், பெரிய சமூகங்களோடு போட்டி போட்டு இவர்கள் எத்தனை இடம் வாங்கிவிட்டார்கள்? ஒரு சதவீதத்தை உயர்த்தக் கேட்பதுதான் அடுத்த வேலை என்பது என் எண்ணம்.

சான்றிதழைப் பொறுத்தவரை, எஸ்.டி. சான்றிதழ் தருபவர் கோட்டாட்சியர். பழைய எம்.பி.சி. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்க வேண்டும். 'நரிக்கொரவன்' என்பதற்குப் பதில் 'நரிக்குறவர்', 'குறவன்' என்று பள்ளிப் பதிவேட்டில் எழுதியிருந்தால் விசாரணையில் மாட்டிக்கொள்ளும். முதல் வகுப்பில் பெயர் எழுதும் ஆசிரியர் அந்த ஒரு சொல்லைச் சரியாக எழுதினால், பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு குடும்பத்தின் அலைச்சல் மிச்சம். எமிஸில் சாதிப் பிரிவு இன்னும் பழையபடி இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பெண் பிள்ளைகள் எட்டாவதோடு ஏன் நின்றுவிடுகிறார்கள்?

தொடக்கப் பள்ளி பக்கத்தில் இருக்கும், உயர்நிலைப் பள்ளி தள்ளி இருக்கும். அப்பா அம்மா வெளியூர் போகும்போது, வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாக விட்டுப்போகப் பயம். கூடவே கூட்டிப்போனால் படிப்பு நிற்கும். சீக்கிரம் கல்யாணம் பேசுவதும் உண்டு, மறைப்பதற்கில்லை. 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் கடைசி வழியாக இருக்கட்டும். அதற்கு முன், அந்தக் காலனியிலேயே கல்லூரிக்குப் போன ஒரு பெண்ணைக் கூட்டிவந்து அம்மாக்களோடு உட்கார வைப்பது பலன் தருகிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு, 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 'இடையில் நிறுத்தினால் இந்தப் பணம் போய்விடும்' என்று சொன்னால் அப்பாக்கள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

விடுதியில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே?

சிலருக்கு ஆகும். ஆறாம் வகுப்புக்கு மேல், குடும்பம் சம்மதித்து, ஒரே காலனியிலிருந்து இரண்டு மூன்று பேராகப் போனால் நிற்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பினால் பெரும்பாலும் தீபாவளி லீவுக்கு வந்தது திரும்பாது. பாட்டி தாத்தா ஊரில் இருக்கிற வீடுகளில், சீசன் மாதங்களுக்கு மட்டும் பிள்ளையை அவர்களோடு விட்டுப்போகச் சொல்லி, சாயங்காலம் யாராவது ஒருவர் போய்ப் பார்த்துக்கொள்வது விடுதியைவிட எளிது.

'படித்த அண்ணனும் மணிதானே விற்கிறான்?' என்று பிள்ளைகள் கேட்டால்?

நியாயமான கேள்வி. பட்டம் வாங்கிவிட்டுப் பேருந்து நிலையத்தில் மாலை விற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் முகவரியைப் பார்த்ததும் பேச்சு மாறிவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. இந்த விஷயத்தில் பிள்ளையிடம் பொய் சொல்ல வேண்டாம். மணி விற்பதும் கேவலமில்லை. விலை போடத் தெரிந்து, ஆன்லைனில் படம் போட்டு, கூரியரில் அனுப்பத் தெரிந்தவன் அதே கருங்காலி மாலையில் அதிகம் பார்க்கிறான். 2008-ல் அமைத்த நரிக்குறவர் நல வாரியத்தில் பதிந்து வைத்தால் கல்வி உதவிகளுக்கும் வழி இருக்கிறது. பல வீடுகளில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

பழைய துணி, நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கலாமா?

நோட்டு கொடுங்கள், தலைமையாசிரியர் வழியாக, வகுப்பில் எல்லோருக்கும் சேர்த்து. பழைய துணி வேண்டாம். கொடுக்கும்போது எடுக்கும் போட்டோ கண்டிப்பாக வேண்டாம்.

மாலை வகுப்பு எடுக்க விருப்பம். எந்த நேரம் சரி?

இரவு ஏழு மணிக்கு மேல், வியாபாரத்திலிருந்து எல்லோரும் திரும்பிய பிறகு. பௌர்ணமியன்று வைக்காதீர்கள், கிரிவல வியாபாரத்துக்குப் போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். வகுப்பைக் காலனிக்குள்ளேயே, விளக்கு இருக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில் நடத்துங்கள். அம்மாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருப்பார்கள். தரையில் மணித் தட்டு இருக்கும், பார்த்துக் கால் வையுங்கள்.